டெப் பேக்கேஜ் கட்டித்தரச் சொல்லிப் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

ஓஎம்ஆர் பக்கம் இருக்கும் ஓர் ஒப்பந்த நிறுவனத்திடம் சின்ன வேலை ஒன்றைக் கொடுத்திருந்தோம். மேக்ஃபைலில் (நிரலை எப்படிக் கட்டுவது என்று மேக் கட்டளைக்குச் சொல்லும் கோப்பு) உள்ள மாறிகளின் மதிப்பைப் படித்துத் தரும் பைத்தான் லைப்ரரி, மொத்தமே சில நூறு வரிதான். டெபியன் 12, உபுண்டு 22.04, உபுண்டு 24.04 ஆகிய மூன்று லினக்ஸ் வெளியீடுகளுக்கும் அதை, அவற்றில் நிறுவக்கூடிய டெப் பேக்கேஜாகக் கட்டித்தர வேண்டும். பாதிப் பணம் முன்பணமாகப் போனது, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. கைக்கு வந்தது ஒரே ஒரு டெப் கோப்பும், "இன்ஸ்டால் ஆகிறது, மீதியை அனுப்புங்கள்" என்ற மின்னஞ்சலும். நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால் போதும், வேறு யார் இதே வேலையைக் காட்டினாலும் பிடித்துவிடலாம்.

டெப் கோப்பு வந்ததும் நிறுவிப் பார்க்காதீர்கள், முதலில் திறந்து பாருங்கள். டிபிகேஜி-டெப் கட்டளைக்குச் சிறிய 'சி' கொடுத்தால் உள்ளே இருக்கும் கோப்புகளின் பட்டியல் வரும். பெரிய 'ஐ' கொடுத்தால் பேக்கேஜின் விவரமும், எந்தெந்த ஸ்கிரிப்ட் சேர்ந்து வருகிறது என்பதும் தெரியும். பைத்தான் லைப்ரரி என்றால் யுஎஸ்ஆர்/லிப்/பைத்தான்3/டிஸ்ட்-பேக்கேஜஸ் அடைவுக்குள் அதன் கோப்புகள் இருக்க வேண்டும். எங்களுக்கு வந்ததில் அந்த அடைவே இல்லை! இருந்தது ஓர் உரிமக் கோப்பும் ஒரு போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்டும் மட்டும். நிறுவும்போது ரூட் என்ற முழு அதிகாரத்தில் ஓடும் அந்த ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரி: 'பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்' என்ற தெரிவுடன் பிப் இன்ஸ்டால் (பைத்தான் லைப்ரரியை இணையத்திலிருந்து இறக்கி நிறுவும் கட்டளை). அதாவது பேக்கேஜ் வெறும் உறை. சரக்கு நிறுவும் நேரத்தில் இணையத்திலிருந்து இறங்குகிறது.

எங்கிருந்து இறங்குகிறது என்று பார்த்தபோதுதான் விஷயம் எவ்வளவு மோசம் என்று புரிந்தது. எங்கள் லைப்ரரியைப் பைபிஐ-யில் (பிப் இறக்கும் பொதுக் களஞ்சியம்) அவர்களுடைய கணக்கில் ஏற்றியிருந்தார்கள். பைபிஐ-யில் முதலில் பதிந்தவருக்கே பெயர். அதை மாற்றிக் கேட்க வேண்டுமென்றால் பெப் 541 என்ற பைத்தான் சமூக விதிப்படி விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். பதிப்பு எண்ணையும் அந்த வரியில் குறிப்பிடவில்லை. ஆகவே இந்த டெப்பை நிறுவும் ஒவ்வொரு கணினியிலும், அன்றைக்கு அந்தக் கணக்கில் என்ன இருக்கிறதோ அது ரூட்டாக ஓடும். மீதிப் பணத்துக்குத் தகராறு நடக்கும் நேரத்தில் அந்தச் சாவி யார் கையில் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

இணையம் இல்லாத பில்டு சர்வரில் இதே பேக்கேஜைப் போட்டால் இன்னொரு கூத்து. பிப் தோற்கும், போஸ்ட்இன்ஸ்ட் தோற்கும், பேக்கேஜ் பாதி அமைக்கப்பட்ட நிலையில் தொங்கும். அதற்குப் பிறகு வேறு எதை நிறுவப் போனாலும் நிறுவல் கருவியான ஏபிடி இதையே சொல்லிப் பிழை காட்டும். டெபியன் 12-இல் பிப் தானாகவே மறுப்பது இப்படிக் கணினியின் பைத்தானைக் கெடுக்கக் கூடாது என்பதற்காகத்தான், அது பெப் 668. அந்தத் தடையை உடைக்கும் தெரிவு ஒரு பேக்கேஜுக்குள் இருந்தால் அதை வாங்காதீர்கள்.

அடுத்தது லைப்ரரிக்குள்ளேயே கைவைத்தது. எங்கள் நிரல் மேக் கட்டளையை 'பி', 'என்' தெரிவுகளுடன் ஓட்டி, அது அச்சிடும் மாறிப் பட்டியலைப் படிக்கும். அதனால் பேக்கேஜின் கண்ட்ரோல் கோப்பில், வேறு எவை தேவை என்று சொல்லும் டிபெண்ட்ஸ் வரியில் 'மேக்' என்ற ஒரு சொல் இருந்தாக வேண்டும். அதைச் சேர்க்காததால் மேக் இல்லாத கணினியில் சோதனை தோற்றிருக்கிறது. ஒரு சொல்லைச் சேர்ப்பதற்குப் பதில் படிக்கும் பகுதியையே தூக்கிவிட்டு, பைத்தானோடு வந்த டிஸ்ட்யூடில்ஸ் தொகுதியில் இருந்த பார்ஸ்_மேக்ஃபைல் செயற்கூறை வைத்துவிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தச் செயற்கூறு எழுதப்பட்டது பைத்தானின் சொந்த மேக்ஃபைலைப் படிக்க. பெயர், பிறகு வெறும் = குறி, பிறகு மதிப்பு என்று இருக்கும் வரியை மட்டுமே அது பிடிக்கும். := போட்ட வரியும் += போட்ட வரியும் அதன் கண்ணில் படாது. ஓரெழுத்துப் பெயர் உள்ள மாறியும் படாது, ஏனென்றால் அதன் வடிவப்படி பெயருக்குக் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும். பிழை எதுவும் வராமல் மாறி காணாமல் போகும், அதுதான் ஆபத்து. சிஃப்ளாக்ஸ் = -ஓ2 என்று ஒரு வரி, அடுத்து சிஃப்ளாக்ஸ் += -ஜி என்று ஒரு வரி எழுதினால், மேக் இரண்டையும் சேர்த்துச் சொல்லும். இது -ஓ2 மட்டும் சொல்லிவிட்டு நிற்கும்.

போதாததற்கு, டிஸ்ட்யூடில்ஸ் பைத்தான் 3.12-இல் நீக்கப்பட்டுவிட்டது. உபுண்டு 24.04-இல் இருப்பது 3.12. செட்டப்டூல்ஸ் என்ற தனிப் பைத்தான் தொகுப்பை நிறுவிய கணினியில் அதன் சொந்தப் பிரதி கைகொடுப்பதால் "எங்கள் சிஸ்டத்தில் ஓடுகிறதே" என்று சாதித்தார்கள். சுத்தமான 24.04-இல் இம்போர்ட் வரியிலேயே விழுகிறது.

மூலத் தொகுப்பைக் கேட்டு நச்சரித்த பிறகுதான் அனுப்பினார்கள். பேக்கேஜை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் ரூல்ஸ் கோப்பில், சோதனைப் படிக்கு உரிய ஓவர்ரைடு_டிஎச்_ஆட்டோ_டெஸ்ட் என்று எழுதி, அடியில் ஒன்றுமில்லை. சோதனை ஓடவே இல்லை என்று அர்த்தம்.

ஒழுங்காகச் செய்தால் இந்த வேலைக்கு டெபியன் அடைவுக்குள் ஐந்தாறு சிறு கோப்புகள் போதும்: கண்ட்ரோல், ரூல்ஸ், சேஞ்ச்லாக், காப்பிரைட், சோர்ஸ்/ஃபார்மேட், முடிந்தால் டெஸ்ட்ஸ்/கண்ட்ரோல். கட்டும் கருவிகள் டெப்ஹெல்பர் 13, டிஎச்-பைத்தான், பைபில்டு. சி நிரல் எதுவும் இல்லாததால் ஆர்க்கிடெக்சர் 'ஆல்', அதாவது எல்லா வகைக் கணினிக்கும் ஒரே பேக்கேஜ். தெரிந்தவருக்கு ஒரு நாள் வேலை. ஒப்பந்தத்தில் டெப் கோப்பைக் கேட்காதீர்கள், மூலத் தொகுப்பைக் கேளுங்கள்: டிஎஸ்சி கோப்பும் இரண்டு டார் தொகுப்புகளும். நீங்களே எஸ்பில்டு என்ற கட்டும் கருவியில், இணையத்தைத் துண்டித்த சுத்தமான சூழலில், ஒவ்வொரு வெளியீட்டுக்கும் கட்டிப் பாருங்கள். பேக்கேஜைச் சரிபார்க்கும் லின்டியன் சொல்லும் பிழைகள் பூஜ்யமாகி, நிறுவிய பேக்கேஜைச் சோதிக்கும் ஆட்டோபிகேஜிடெஸ்ட் தேறிய பிறகுதான் மீதிப் பணம் என்று எழுதிக்கொள்ளுங்கள். சோதனைக்கான மேக்ஃபைலில் :=, ?=, +=, != நான்கும், பின்சாய்வுக் கோட்டில் தொடரும் நீண்ட வரி ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும். மொழி அமைப்பான எல்சி_ஆல் மதிப்பை 'சி' என்று வைத்துத்தான் மேக்கை ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் பட்டியலில் வரும் குறிப்பு வரிகள் கணினியின் மொழிக்கு மாறிப் படிப்பது குழம்பும். 'என்' தெரிவு கொடுத்தாலும் மேக்ஃபைலில் எழுதிய ஷெல் அழைப்புகள் ஓடவே செய்யும் என்பதையும் ஆவணத்தில் எழுதச் சொல்லுங்கள்.

எழுதி வாங்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் கொள்ளப்படும். பைபிஐ கணக்கும் கையொப்பச் சாவியும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்பதையும் அதிலேயே சேருங்கள். பிறகு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று நம்பி இருக்காதீர்கள். வணிக நோக்கத்துக்கு வாங்கிய சேவையை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கி வைக்கிறது, பிழைப்புக்காகத் தனியாளாகத் தொழில் செய்பவருக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றவர்களுக்கு வக்கீல் நோட்டீஸ், பிறகு உரிமையியல் நீதிமன்றம்.

இப்படிப்பட்ட பேக்கேஜ் ஏற்கெனவே உங்கள் கணினியில் ஏறியிருந்தால் பர்ஜ் செய்வது (அமைப்புக் கோப்புகளோடு பேக்கேஜை நீக்குவது) மட்டும் போதாது. பிப் இறக்கிய கோப்புகள் யுஎஸ்ஆர்/லோக்கல் அடைவுக்குள் இருக்கின்றன, அவை பேக்கேஜ்களைக் கணக்கு வைக்கும் டிபிகேஜி-க்குத் தெரியாது. பைத்தான் அந்த அடைவைத்தான் முதலில் தேடும் என்பதால், நாளை சரியான பேக்கேஜை நிறுவினாலும் பழையதுதான் ஓடிக்கொண்டிருக்கும். முதலில் பர்ஜ், பிறகு ரூட்டாகப் பிப் அன்இன்ஸ்டால், கடைசியில் பைத்தானைத் திறந்து லைப்ரரியை இம்போர்ட் செய்து அதன் ஃபைல் பண்பை அச்சிடுங்கள். பாதையில் 'லோக்கல்' என்று வந்தால் இன்னும் போகவில்லை.