ஏசி மின்சார ரயிலா, சாதா ரயிலா?

சென்னை கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் 2025 ஏப்ரலில் ஏசி ரயில் வந்ததிலிருந்து பலருக்கும் இதே குழப்பம்.

கட்டணம்: சாதாவில் 5 ரூபாயிலிருந்து. ஏசியில் குறைந்தபட்சமே 35, அதிகபட்சம் 105.

காத்திருப்பு: சாதா போனால் அடுத்தது வரும். ஏசிக்குச் சில நடைகள்தான், விட்டால் விட்டதுதான்.

கதவு: சாதாவில் திறந்தே கிடக்கும், படியில் தொங்குவதும் நிற்கவில்லை. ஏசியில் தானியங்கிக் கதவு, எல்லாம் மூடினால்தான் வண்டி நகரும். இடுக்கில் ஒரு பை மாட்டினால் போதும், மொத்த ரயிலும் காத்திருக்கும்.

பராமரிப்பு: மின்விசிறி நின்றால் ஜன்னல் காற்றில் சமாளிக்கலாம். அடைத்த பெட்டியில் ஏசி நின்றால்? மே மாதத்தில் நினைக்கவே வியர்க்கிறது.

தினமும் வேலைக்குப் போக, சாதா ரயில் சீசன் டிக்கெட்தான். வெயிலில் முதியவர்களோடு செங்கல்பட்டு வரை என்றால், நேரம் பார்த்து ஏசி.