பன்றித்தோல், மீன்தோல், ஈஸ்ட்: ஆய்வகத்துக்கு எந்த ஜெலட்டின்?

சித்திரை வெயிலில் ராமேசுவரம் பக்கத்து மண்டபம் ஊரில் கரண்ட் போனால், எங்கள் ஆய்வக மேசையில் இருக்கும் ஜெலட்டின் (விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் புரதம்) கட்டி கொஞ்ச நேரத்தில் கஞ்சியாகிவிடும். பன்றித்தோல் ஜெலட்டினுக்கு உருகுநிலை 30 முதல் 35 டிகிரிக்குள். நம் ஊர் மதியமே அதைத் தொட்டுவிடும்.

1881-ல் ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்திலும் இதே தலைவலிதான். பாக்டீரியா வளர்க்க ஊற்றிய ஜெலட்டின் உடல்சூட்டில் உருகியது. உருகாததைச் சில பாக்டீரியாக்கள் தின்றே நீராக்கின. அங்கு வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, தன் சமையலறையில் புழங்கிய அகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். நம் பக்கத்துப் பெண்கள் கடலில் மூழ்கிப் பறிக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து எடுப்பதும் அகர்தான். ஆகவே உங்கள் ஆய்வு பாக்டீரியா வளர்ப்பதோடு முடிகிறதென்றால் ஜெலட்டினே வேண்டாம். ஆனால் மனித செல்லோ விலங்கு செல்லோ அகரில் ஒட்டாது. அதற்குப் பிடிமானம் வேண்டும். அந்தப் பிடிமானம் கொலாஜனில் இருக்கிறது.

கொலாஜன் என்பது தோலிலும் தசைநாரிலும் இருக்கும் புரதம்; மூன்று இழை முறுக்கிய கயிறு. இந்த வடிவத்தை 1954-ல் சென்னையில் இருந்து சொன்னவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். முதலில் சுறாத் துடுப்புக் கொலாஜனைப் பார்த்தார்கள்; எக்ஸ்-ரே படம் சரியாக வராமல் கங்காரு வால் தசைநாருக்குப் போனார்கள். எந்த விலங்கிலிருந்து எடுக்கிறோம் என்பது அன்றைக்கே பிரச்சினையாக இருந்திருக்கிறது! அந்தக் கயிற்றைச் சூடாக்கிப் பிரித்தால் ஜெலட்டின். இரண்டும் நேர் எதிர்: ஜெலட்டின் ஆறினால் உறையும், அமிலத்தில் கரைத்த கொலாஜனோ, அமிலத்தைச் சமன்செய்து 37 டிகிரிக்குக் கொண்டுபோனால்தான் உறையும்.

சரி, விலங்குச் சரக்கு. செல் வளர்க்கும் தட்டில் மெல்லியதாகப் பூசிவிட மட்டும் என்றால் பன்றித்தோல் ஜெலட்டின் போதும். கட்டியாக இருந்தால் 37 டிகிரியில் உருகுமே என்று கேட்கலாம். பூச்சு பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும், செல்லுக்கு அது போதும். விலையும் குறைவு. குறை என்னவென்றால், அதில் நீளமும் குட்டையுமாகப் பல அளவு சங்கிலிகள் கலந்திருக்கும். இந்தத் தடவை வாங்கிய டப்பாவும் அடுத்த தடவை வாங்குவதும் ஒன்றுபோல் இருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. மாட்டுச் சரக்கில் ‘மேட் கவ்’ எனும் மாட்டு மூளை நோய் பற்றிய கவலை வேறு. எலிவால் கொலாஜன் நல்ல பொருள்தான், ஆனால் கரைசலாக வரும். 4 டிகிரியில் வைக்க வேண்டும், உறையவும் விடக்கூடாது. மதுரையிலிருந்து பஸ்ஸில் ஐஸ் பெட்டியோடு வருகிறவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். எங்கள் பக்கம் மதம் சார்ந்த இன்னொரு கேள்வியும் வரும். ஆய்வகத்துக்கு வந்த கீழக்கரைத் தம்பி ஒருவர் முதல் நாளே, “சார், இது எதுலருந்து எடுத்தது?” என்றார். நியாயமான கேள்வி. டப்பாவில் ‘டைப் ஏ’ என்றிருந்தால் அமிலத்தில் பதப்படுத்தியது, பெரும்பாலும் பன்றித்தோல். ‘டைப் பி’ என்றால் காரத்தில் ஊறவைத்தது, பெரும்பாலும் மாடு.

அடுத்தது மீன்தோல். பாம்பனில் மீன் வெட்டும் அக்காவிடம் தோலைக் கேட்டு வாங்கினால், “இதுலயா தம்பி மருந்து?” என்று சிரிப்பார். இலவசமாகக் கிடைக்கிற மூலப்பொருள், மதச் சிக்கலும் குறைவு. எனக்கும் ஆசைதான். ஆனால் மீன் எந்தச் சூட்டுத் தண்ணீரில் வாழ்ந்ததோ அதற்குத் தகுந்த முறுக்குதான் அதன் கொலாஜனில் இருக்கும். குளிர்கடல் காட் மீனின் ஜெலட்டின் அறைச் சூட்டில் கட்டியே ஆகாது. நம் வெதுவெதுப்பான கடல் மீன் அதைவிடத் தேவலை; அப்படியும் 37 டிகிரிக்கு முன்பே முறுக்கு அவிழ்ந்துவிடும். முறுக்கை இறுக்கிப் பிடிக்கிற புரோலின், ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலங்கள் குறைவு என்பதே காரணம். வேதிப்பொருளால் குறுக்குப் பிணைப்புப் போட்டு நிறுத்தலாம்தான். அப்புறம் செல் பார்ப்பது கொலாஜனையா, நாம் போட்ட பிணைப்பையா என்ற சந்தேகம் வரும். கடல் அட்டையிலும் கொலாஜன் நிறைய உண்டு. 2001 முதல் பாதுகாக்கப்பட்ட உயிர், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மூன்றாவது, ஆய்வகத்தில் செய்வது. மனித மரபணுவை ஈஸ்ட்டில் வைத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. புரோலினில் ஒரு ஹைட்ராக்சில் சேர்க்கும் நொதியையும் கூடவே வைக்க வேண்டும். அது இல்லாமல் வருகிற கொலாஜன் உடல்சூட்டைத் தாங்காது. பழைய கடலோடிகளுக்கு வைட்டமின் சி இல்லாமல் ஈறு அழுகியதும் இந்த நொதி வேலை செய்யாததால்தான். 1997-ல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் பிக்கியா ஈஸ்ட்டில் இரண்டையும் சேர்த்து மனித மூன்றாம் வகைக் கொலாஜனை எடுத்தார்கள்.

இதன் பெரிய லாபம் தூய்மை என்று விற்பவர்கள் சொல்வார்கள். எனக்கு முக்கியம் அது அல்ல. இதைத் திருத்தி எழுதலாம் என்பதுதான். செல் பிடித்துக்கொள்வது கொலாஜனில் ஆறு அமினோ அமிலம் கொண்ட ஒரு சின்ன இடத்தை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவிடம், ஹைட்ராக்சிபுரோலின் இல்லாமலே முறுக்கு நிற்கிற கொலாஜன் போன்ற புரதம் உண்டு. அதில் மனித செல்லுக்குப் பிடி இல்லாத வகையை எடுத்து, அந்த ஆறை மட்டும் செருகி, செல் ஒட்டுகிறதா என்று பார்க்கலாம். பன்றித்தோலில் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது.

விலை கையைக் கடிக்கும். ‘மனிதக் கொலாஜன்’ என்ற லேபிளையும் அப்படியே நம்ப வேண்டாம். பல பொருட்கள் முறுக்கே இல்லாத சின்னத் துண்டுகள். முறுக்கு இருக்கிறதா என்று ஒளியால் பார்க்கும் கருவியான வட்ட இருநிறமானியில் 221 நானோமீட்டர் பக்கம் மேல்நோக்கிய முகடு வருகிறதா, ஹைட்ராக்சிபுரோலின் அளவு எவ்வளவு என்று கேளுங்கள். ஈ.கோலை பாக்டீரியாவில் செய்ததென்றால், அதன் சுவரிலிருந்து வரும் நச்சான எண்டோடாக்சின் அளவையும் கேளுங்கள். அது மிச்சமிருந்தால் நோய் எதிர்ப்பு செல்கள் கொலாஜனுக்குப் பதில் அதற்கு ஆடும். விலங்குச் சார்பே இல்லை என்பவர்கள், ஈஸ்ட்டுக்கு என்ன தீனி போட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

கீழக்கரைத் தம்பிக்குப் பிடிமானம் பற்றிய கேள்வி, அதனால் ஈஸ்ட் சரக்கு வாங்கினோம். உலர்தூளாக வந்தது, ஐஸ் பெட்டிக் கவலை இல்லை. பாம்பன் தோலையும் விடவில்லை. அதில் உணவுப் பொட்டலத்துக்கான படலம் ஊற்றிக்கொண்டிருக்கிறோம். படலம் காய்ந்துதான் பயன்படும் என்பதால் 37 டிகிரிச் சிக்கல் அங்கே இல்லை.