ஊர்க்காரரா, கட்சியா? ராமநாதபுரத்து ஓட்டு ஒன்று

என் ஓட்டு ராமநாதபுரம் மக்களவைத் தொகுதியில். ஒவ்வொரு முறையும் பிரசாரம் ஓயும் நாள் வரை மனம் இரண்டு பக்கமும் இழுக்கும். நம் கஷ்டம் தெரிந்த ஆளுக்குப் போடுவதா, டெல்லியில் யார் ஆள வேண்டும் என்று பார்த்துக் கட்சிக்குப் போடுவதா?

ஊராட்சித் தலைவர் தேர்தலில் இந்தக் குழப்பமே இல்லை. அங்கே கட்சிச் சின்னம் கிடையாது, ஆளைப் பார்த்தால் போதும். மக்களவை அப்படியல்ல. இங்கே 'நம்ம ஊர்' என்பதே எது என்று கேட்க வேண்டியிருக்கிறது. அறந்தாங்கியிலிருந்து திருச்சுழி வரை ஆறு சட்டமன்றத் தொகுதிகள், மூன்று மாவட்டங்கள். முதுகுளத்தூர்க்காரருக்குக் கண்மாயில் தண்ணீர் நிற்க வேண்டும். பாம்பன்காரருக்குக் கடலுக்குப் போன படகு கரைக்குத் திரும்ப வேண்டும். எம்.பி.யின் தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். ஆறாகப் பங்கிட்டால் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 85 லட்சம்கூடத் தேறாது. அந்த நிதியையும் 2020-இல் கொரோனாவைக் காட்டி மத்திய அரசு நிறுத்தி வைத்தபோது, நல்ல எம்.பி., மோசமான எம்.பி. என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் நின்றது.

கட்சி வேட்பாளரே நல்லவராக, உள்ளூர்க்காரராக இருந்தால்? 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தை மறக்கக் கூடாது. எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சிக் கொறடா இடும் உத்தரவை மீறினால் பதவி போகலாம். ஆக, மசோதா மீதான வாக்கெடுப்பில் அவருடைய கை கட்சியின் கைதான். ஆனால் கேள்வி கேட்பதற்கு அந்தக் கட்டு இல்லை. எந்த ரயில், எந்தத் துறைமுகம், எந்தப் படகு என்று விவரத்தோடு கேட்க விஷயம் தெரிந்த ஆள் வேண்டும். நான் ஆளையும் பார்ப்பது இதனால்தான்.

சுயேச்சைக்குக் கொறடா இல்லை. 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. அப்படி ஒரு நாளில் தனி உறுப்பினரும் பெரிய ஆள்தான். மற்ற நாட்களில் கட்சியின் பலத்தை வைத்துத்தான் பேசும் நேரம் பிரிக்கப்படுகிறது; தனி ஆளுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். 2024-இல் 543 பேரில் சுயேச்சைகள் 7 பேர்தான். எங்கள் தொகுதியில் சுயேச்சையாக நின்று இரண்டாம் இடம் வந்தவர் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம். அவருக்கும் பின்னால் ஒரு தேசியக் கூட்டணி இருந்தது.

இப்போது மீனவர் விஷயத்துக்கு வருகிறேன், என் தராசு ஆடுவதே இதில்தான். இதைவிட உள்ளூர்ப் பிரச்சினை எங்களுக்கு வேறு இல்லை. ஆனால் இலங்கையோடு கடல் எல்லையை வகுத்த 1974, 1976 ஒப்பந்தங்களைப் போட்டது டெல்லி. இலங்கைக் கடற்படை பிடித்த ஆட்களை மீட்கப் பேச வேண்டியதும் வெளியுறவுத் துறை. அப்படிப் பார்த்தால் கட்சிக்குப் போடுவதுதான் சரி.

அதோடு முடியவில்லையே. விசைப்படகுகளின் இழுவலை மீனை அடியோடு வாரிவிடுகிறது என்று நாட்டுப்படகுக்காரர்களுக்கு நெடுநாள் வருத்தம். அக்கரையில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இந்தப் படகுகளால் வலை அறுபட்டு நிற்பதும் தமிழ் மீனவர்தான். இலங்கை 2017-இல் இழுவலையைச் சட்டம் போட்டே தடை செய்தது. மேடையில் கட்சிகள் கச்சத்தீவைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பேசி நான் கேட்டதில்லை. விசைப்படகில் கூலிக்குப் போகிறவரின் வயிற்றுப்பாட்டையும் நாட்டுப்படகுக்காரரின் கோபத்தையும் ஒன்றாகத் தெரிந்து வைத்திருப்பவர் கரையில் வாழ்கிறவர்தான்.

என் கணக்கில் கட்சிக்கு முக்கால் பங்கு, ஆளுக்குக் கால் பங்கு. அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ஒன்றுதான் கேட்கப் போகிறேன்: "இழுவலையை விடச் சொன்னால், அந்தப் படகில் போகிறவருக்கு என்ன தொழில் கொடுப்பீர்கள்?" கட்சி வேட்பாளர் ஒருவர் நேராகப் பதில் சொன்னால் என் ஓட்டு அவருக்கு. சுயேச்சை மட்டும் சொன்னால் என்ன செய்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.