என்ஜின்எக்ஸ்: மற்றதெல்லாம் அருமை, இயல்பு ஹோஸ்ட்நேம் மட்டும் கவனம்

ஒரே சர்வரில் பல தளங்களை ஓட்ட என்ஜின்எக்ஸ் (nginx) என்ற வெப் சர்வர் மென்பொருளைத் தயங்காமல் சிபாரிசு செய்வேன், வேகமும் சரி, நினைவகச் சிக்கனமும் சரி, குறை சொல்ல இடமில்லை. ஆனால் ஹோஸ்ட்நேம், அதாவது உலாவி கேட்கும் தளப் பெயர், விஷயத்தில் அதன் இயல்பு அமைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வருகிற பெயர் எந்த சர்வர் பிளாக்கோடும் (ஒரு தளத்துக்கான அமைப்புப் பகுதி) பொருந்தாவிட்டால், அந்த போர்ட்டுக்கு (இணைப்பு வரும் வாயில் எண்) முதலில் எழுதியிருக்கும் பிளாக்கே பதில் சொல்லிவிடும். ஒவ்வொரு தளத்தின் அமைப்புக் கோப்பையும் சேர்க்கும் இன்க்ளூட் வரி அவற்றை அகரவரிசையில் ஏற்றுவதால், யாராவது ஐபி முகவரியை நேராக அடித்தால் பட்டியலில் முன்னால் நிற்கும் வாடிக்கையாளரின் தளம் திறந்துகொள்ளும். இது நியாயமே இல்லை.

பிளாக்கின் தளப் பெயரைச் சொல்லும் சர்வர்_நேம் (server_name) வரியில் வெறும் அடிக்கோடு போட்டால் எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள், அதற்கு அப்படி எந்தச் சக்தியும் கிடையாது, போர்ட்டைச் சொல்லும் லிசன் (listen) வரியில் டீஃபால்ட்_சர்வர் (default_server) என்று எழுதுவதுதான் வேலை செய்யும். அப்புறம் அந்த பிளாக்கில் ரிட்டர்ன் 444 போடுங்கள், பதிலே தராமல் இணைப்பை மூடிவிடும். எச்டிடிபிஎஸ்ஸுக்கு 1.19.4 பதிப்பிலிருந்து எஸ்எஸ்எல்_ரிஜெக்ட்_ஹேண்ட்ஷேக் (ssl_reject_handshake) இருக்கிறது, பாதுகாப்பு இணைப்பு தொடங்கும்போதே மறுத்துவிடும், போலிச் சான்றிதழ் செய்துவைக்கும் வேலை மிச்சம்.

இன்னொரு வெப் சர்வரான அப்பாச்சியும் பெயர் பொருந்தாவிட்டால் முதல் விர்ச்சுவல் ஹோஸ்டைத்தான் (அதன் சர்வர் பிளாக்) நீட்டுகிறது. ஆனால் தன் முழுப் பெயரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் தொடங்கும்போதே சர்வர்நேம் கொடுக்கச் சொல்லி எச்சரிக்கும், என்ஜின்எக்ஸில் அதுகூட இல்லை.