வெள்ளோடு ஏரிக்கரை: மூட்டு வலிக்காரரும் ஐந்து வயதுக் குழந்தையும் சேர்ந்து நடக்க ஒரு நல்ல இடம்

ஈரோடு, பெருந்துறை, திருப்பூர் பக்கம் இருப்பவர்கள் குடும்பத்தோடு காலாற நடக்க எங்கே போகலாம் என்று கேட்டால், நான் யோசிக்காமல் சொல்வது வெள்ளோடு பறவைகள் சரணாலயம். ஈரோட்டில் இருந்து சென்னிமலை போகும் சாலையில் இருக்கிறது. வண்டி எடுத்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. நுழைவுக் கட்டணமும் சிறு தொகைதான்.

நம் ஊரில் நடை என்றாலே மலை ஞாபகம்தான் வரும். சென்னிமலைக்கு 1320 படி. வெள்ளியங்கிரி ஏழு மலை. கோவைக் குற்றாலம் போகலாம் என்றால் மழைக்காலத்தில் தண்ணீர் ஏறியதும் மூடிவிடுவார்கள். இளவட்டங்களுக்கு இதெல்லாம் சரி. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் வலி. பையனுக்கு ஐந்து வயது, கொஞ்ச தூரம் ஓடுவான், அப்புறம் தூக்கச் சொல்வான். பெண்ணுக்கு ஒன்பது வயது, கேள்விக்குப் பதில் வராமல் அடுத்த அடி எடுத்து வைக்க மாட்டாள். வீட்டுக்காரர் இரவு ஷிப்ட் முடித்து நேராக வருகிறவர். இப்படிப்பட்ட கூட்டத்துக்கு ஏற்ற நடை எது என்பதை வைத்துத்தான் இந்த இடத்தை எடை போடுகிறேன். அந்தக் கணக்கில் வெள்ளோட்டுக்கு முழு மதிப்பெண்.

காரணம் எளிது. ஏரிக்கரை மேலேயே பாதை போகிறது. ஏற்றம் இறக்கம் கிடையாது. எந்த இடத்தில் களைத்தாலும் அங்கேயே நின்றுகொள்ளலாம், நின்ற இடத்திலும் பார்க்க ஏதாவது இருக்கும். அருவியைப் பார்க்கப் போனால் அருவி வரை போய்ச் சேர வேண்டும், மலைக்குப் போனால் உச்சி வரை. இங்கே பாதி வழியில் திரும்பினாலும் யாருக்கும் ஏமாற்றம் இல்லை. அம்மா நிழலில் உட்கார்ந்துவிட்டால், நாங்கள் குழந்தைகளோடு இன்னும் கொஞ்சம் தூரம் போய்விட்டு வருவோம். பார்வைக் கோபுரத்தில் ஏற மட்டும்தான் முழங்கால் வேலை செய்ய வேண்டும். அம்மா அதில் ஏறுவதில்லை. கரையில் இருந்தே அவருக்கு எல்லாம் தெரிகிறது.

ஏரி 77 ஹெக்டேர். நம் கணக்கில் 190 ஏக்கர். தண்ணீருக்குள்ளேயே கருவேல மரங்கள் நிற்கின்றன, அந்த மரங்களில்தான் கூடுகள். முதன்முதலில் பார்த்தபோது என் பெண், "அம்முச்சி, அந்த மரத்துல யாரோ வெள்ளத் துணி காயப்போட்டிருக்காங்க" என்றாள். அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "துணியில்ல சாமி, கூழைக்கடா" என்றார். அதற்குள் அதில் ஒன்று எழுந்து பறக்க ஆரம்பித்தது. இறக்கையை விரித்தால் ஏழெட்டு அடி வரும். ஐந்து வயதுப் பையன் வாயைத் திறந்தபடி நின்றதை நான் படம் எடுக்கக்கூட மறந்துவிட்டேன்.

குழந்தைகளோடு போகிறவர்கள் இரண்டு மூன்று பறவைகளையாவது முன்பே தெரிந்துகொண்டு போங்கள், நடையே வேறு மாதிரி ஆகிவிடும். பாம்புத்தாரா நீந்தும்போது உடம்பு தண்ணீருக்குள் இருக்கும், கழுத்து மட்டும் மேலே நெளியும். கரையேறியதும் இறக்கையை விரித்து வெயிலில் நிற்கும். "அது ஏம்மா கைய விரிச்சுட்டு நிக்குது?" என்று பையன் கேட்டான். வாத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது, பாம்புத்தாராவின் இறகு நனைந்துவிடும். நனைவதால் உடம்பு கனத்து எளிதாக மூழ்கி மீன் பிடிக்கும், பிடித்த பிறகு காய வைத்தே ஆக வேண்டும். நீர்க்காகமும் அப்படித்தான் நிற்கும். மஞ்சள்மூக்கு நாரை வேறு விதம். அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டு இடமும் வலமுமாகத் துழாவிக்கொண்டே நடக்கும், மீன் அலகில் பட்ட நொடியில் மூடிவிடும். கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை என்பதால் கலங்கிய தண்ணீரிலும் அதற்கு இரை கிடைக்கும். நத்தைகுத்தி நாரையின் அலகை மூடினாலும் நடுவில் ஒரு சந்து இருக்கும். இவை மூன்றையும் கண்டுபிடிக்கச் சொன்னால் போதும், தூக்கச் சொல்லும் குழந்தை தூக்கச் சொல்லாது.

கரையோரச் சேற்றில் அசையாமல் நிற்கும் குருட்டுக் கொக்கைக் கண்டுபிடிப்பது அம்மாவின் வேலை. ஆறடி தூரத்தில் நின்றாலும் எங்களுக்குத் தெரியாது. அது பறக்கும்போது பழுப்பு உடம்புக்குள் இருந்து வெள்ளை இறக்கை திடீரென்று வெளிவரும். சின்ன வயதில் தோட்டத்துக் குட்டையில் பார்த்த பறவைகளை எல்லாம் அவர் இங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். பேரப்பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறவர் அவர்தான், நாங்கள் கூட நடக்கிறோம், அவ்வளவுதான்.

பறவைகள் பெரும்பாலும் தொலைவில் இருக்கும் என்பதால் பைனாகுலர் இல்லாமல் போனால் பாதிதான் கிடைக்கும். பொம்மைக் கடையில் விற்பது வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக் கண்ணாடியில் உருவம் கலங்கித் தெரியும், குழந்தைக்குக் கண் வலிக்கும், இரண்டு நிமிடத்தில் கீழே போட்டுவிடும். பெரியவர்களுக்கு 8x42 வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலம் என்பதால் விடியற்காலை மங்கிய வெளிச்சத்திலும் தெளிவாகத் தெரியும். 10 மடங்கு இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியுமே என்று தோன்றும். ஆனால் கை நடுக்கமும் பத்து மடங்காகும், பார்வை வட்டமும் குறுகிவிடும், குழந்தையால் பறவையை அந்த வட்டத்துக்குள் கொண்டுவரவே முடியாது. 8x42 கழுத்தில் கனக்கும். பிள்ளைகளுக்கு 8x30 மாதிரி சின்னது போதும். வாங்கும்போது இரண்டு குழலையும் நன்றாக நெருக்கிப் பாருங்கள். குழந்தைகளின் கண்கள் நெருக்கமாக இருக்கும், அந்த அளவுக்கு நெருங்கவில்லை என்றால் இரண்டு வட்டம் தெரியுமே தவிரப் பறவை தெரியாது. மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கண் வைக்கும் ரப்பர் விளிம்பைக் கீழே இறக்கிவிட்டுப் பார்க்க வேண்டும், அம்மாவுக்கு அப்படித்தான். முதலில் வெறுங்கண்ணால் பறவையைப் பார், பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வா என்று சொல்லிக்கொடுங்கள். சூரியன் இருக்கும் பக்கம் திருப்பவே கூடாது.

போகும் மாதம் முக்கியம். இந்த ஏரிக்கு மழைத் தண்ணீரோடு கீழ்பவானிக் கால்வாயின் கசிவுநீரும் வருகிறது. பவானிசாகர் அணையில் இருந்து 200 கிலோமீட்டர் ஓடி, இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் தருகிற கால்வாய் அது. வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் தண்ணீர் திறப்பார்கள், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும். அதனால் நவம்பர் முதல் ஜனவரி வரை போனால் ஏரியும் நிறைந்திருக்கும், பறவையும் நிறைந்திருக்கும். வடக்கே இருந்து ஊசிவால் வாத்து மாதிரி விருந்தாளிகள் வருவதும் அப்போதுதான். சித்திரை வெயிலில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். எந்த மாதமாக இருந்தாலும் காலையில் திறந்ததும் உள்ளே போய்விடுவது நல்லது. கரை மேல் எல்லா இடத்திலும் நிழலை எதிர்பார்க்க முடியாது, பத்து மணிக்கு மேல் வெயில் உறைக்கும், பறவைகளும் அடங்கிவிடும்.

இந்த இடத்தை நான் இவ்வளவு மதிப்பதற்கு இன்னொரு காரணம் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள். ஏரியைச் சுற்றி இருக்கிற ஏழு கிராமங்களில் 900 குடும்பங்களுக்கு மேல் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 20 வருடங்களுக்கு மேலாக இது நடக்கிறது. பறவைகள் கூடு கட்டி முட்டையிடும் மாதங்களில்தான் தீபாவளி வருகிறது. சத்தத்தில் அவை கூட்டை விட்டுப் போய்விடக்கூடாது என்று பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுத்துக் கொடுத்து, கம்பி மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். பிள்ளைகளை வைத்திருக்கும் வீட்டில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைச் சேர்க்கும் ராம்சார் பட்டியலில் இந்த ஏரி 2022-இல் சேர்ந்தது. அதற்கு எத்தனையோ வருடம் முன்பே ஊர்க்காரர்கள் சேர்ந்து இதைக் காப்பாற்றத் தொடங்கிவிட்டார்கள்.

அதனால்தான் கரை மேல் புளூடூத் ஸ்பீக்கரில் பாட்டு வைத்துக்கொண்டு நடக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனது பொறுப்பதில்லை. ஒருமுறை ஒரு கூட்டம் மரத்தில் இருந்த பறவைகளைப் பறக்கவிட்டுப் படம் எடுப்பதற்காகக் கை தட்டிக் கத்தியது. அம்மா நேராகப் போய், "ஏனுங் கண்ணு, குஞ்சு வெச்சிருக்குதுங்கல்ல, சத்தம் போடாதீங்க சாமி" என்றார். பையன்கள் நல்லவர்கள், உடனே நிறுத்திவிட்டார்கள். உங்கள் குழந்தைகளுக்கு வாசலிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள். பளபளக்கும் நிறத்தில் சட்டை போடாமல் பச்சை, பழுப்பு என்று போட்டால் பறவைகள் அவ்வளவாக மிரளாது.

சாப்பாட்டை வீட்டில் இருந்தே கொண்டு போவது எங்கள் வழக்கம். தூக்குப்போசி நிறைய அரிசிம்பருப்புச் சோறு, அதன் மேல் ஒரு கரண்டி நெய், தொட்டுக்கொள்ளத் தயிர். பசித்த குழந்தைகளுக்கு அதைவிட எதுவும் வேண்டியதில்லை. ஏரிக்கரையில் பிரிக்க வேண்டாம், நடை முடிந்து வெளியே வந்து சாப்பிடுங்கள். குடிதண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் கவர் எதுவும் வேண்டாம், காற்றடித்தால் நேராகத் தண்ணீருக்குள்தான் போகும். மழை பெய்த மறுநாள் என்றால் பிடிமானம் உள்ள செருப்பு போடுங்கள்.

திருப்பூர்க்காரர்கள், பக்கத்திலேயே நஞ்சராயன் குளம் இருக்கும்போது வெள்ளோடு எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஊத்துக்குளி சாலையில் இருந்து எட்டிவிடும் தூரம். வெள்ளோட்டைவிடப் பெரியது, 125 ஹெக்டேர். 2024-இல் அதுவும் ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இமயமலைக்கு மேலே பறந்து வருகிற வரித்தலை வாத்து குளிர்காலத்தில் அங்கே வந்து இறங்கியிருக்கிறது, அதைப் பார்க்க எனக்கும் ஆசை. திரும்பும் வழியில் ஊத்துக்குளி வெண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம். பறவைகளை ஓரளவு தெரிந்தவர்களும், கொஞ்சம் பெரிய பிள்ளைகளும் அங்கே போகட்டும். கைக்குழந்தையோ, கால் வலிக்கிற பெரியவரோ கூட இருந்து, முதல் தடவை போகிறீர்கள் என்றால் வெள்ளோட்டுக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமையைவிட சனிக்கிழமை காலையில் போவது நல்லது, கூட்டம் குறைவு.