ஹீட்டர் ஒரு பக்கம் சுடுகிறது, மறுபக்கம் குளிர்கிறது: ஊட்டியில் ஒரு டீசல் வண்டியோடு பட்டதும் பார்த்ததும்

சமவெளியில் ஓடிய செகண்ட் ஹாண்ட் வண்டியை மலைக்கு வாங்கி வருகிறவர்கள் ஏசியைப் போட்டுப் பார்ப்பார்கள், டயரைப் பார்ப்பார்கள், கிளட்ச்சை மிதித்துப் பார்ப்பார்கள். ஹீட்டரை யாரும் தொடுவதில்லை. மேட்டுப்பாளையம் வெயிலில் நின்றுகொண்டு ஹீட்டரைப் போட்டுப் பார்க்க யாருக்குத் தோன்றும்? நான் வாங்கிய டீசல் எஸ்யூவி கோவையில் ஒரே ஆளிடம் ஓடியது. பிஎஸ்4 காலத்து வண்டி, ஆட்டோமேட்டிக் கிளைமேட் கண்ட்ரோல் உண்டு, ஆனால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே செட்டிங்தான். ஹீட்டர் சரியில்லை என்று முதல் ஓட்டத்திலேயே தெரிந்தது, அதைச் சொல்லியே விலையில் கொஞ்சம் குறைத்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். இந்தக் கோளாறு எந்த வண்டியிலும் வரும், அதிலும் வண்டியைவிட அதைப் பராமரித்த விதத்துக்குத்தான் பங்கு அதிகம்.

கோளாறு இதுதான். 28 டிகிரி வைத்தால் இடது பக்க வென்ட்டில் நல்ல சூடு, முகம் எரிகிற அளவுக்கு. வலது பக்கம், அதாவது ஓட்டுகிற என் பக்கம், வெதுவெதுப்புகூட இல்லை. டிசம்பரில் தலைக்குந்தா பக்கம் புல்வெளி வெள்ளையாக உறைபனி படிந்திருக்கும் காலை நேரத்தில், மனைவி துப்பட்டாவை எடுத்து மடியில் வைத்துவிட்டு "கொஞ்சம் குறைங்க, தலை வலிக்குது" என்பாள், எனக்கோ ஸ்டீயரிங்கைப் பிடித்த விரல் விறைத்துக் கிடக்கும். இதில் ஆட்டோ மோட் வேறு நிலைமையைக் கெடுக்கும். பல வண்டிகளில் கேபின் வெப்பத்தைப் பார்க்கும் சென்சார் ஸ்டீயரிங் பக்கத்தில் டேஷ்போர்டில் சின்ன ஜன்னல்போல ஒரு துளைக்குள் இருக்கும். என் வண்டியிலும் அங்கேதான். குளிர்ந்த பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சென்சார், வண்டியே குளிர்ந்துதான் இருக்கிறது என்று நினைத்து ப்ளோயரை ஏற்றிக்கொண்டே போகும். இடது பக்கம் இன்னும் எரியும், வலது பக்கம் குளிர் காற்று இன்னும் வேகமாக அடிக்கும். கோளாறு எங்கே என்று பார்க்க வேண்டுமென்றால் முதலில் ஆட்டோவை அணைத்துவிட்டு, ப்ளோயரை ஒரே வேகத்தில் வைத்து, சூட்டை முழுதாக ஏற்றி வைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டோவில் வைத்துக்கொண்டு எதைச் சோதித்தாலும் அது நம்மைச் சுற்றலில் விடும்.

கோவையில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் காட்டினேன். ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு எரர் எதுவும் இல்லை என்றார்கள், அப்புறம் எப்படியோ "ஃபிளாப் மோட்டார் போயிருக்கும் சார், டேஷ்போர்டு கழற்றணும், ஹீட்டர் காயிலும் சேர்த்து மாத்திடலாம்" என்று பதினெட்டாயிரத்துக்கு மேல் ஒரு எஸ்டிமேட் நீட்டினார்கள். பானெட்டை யாரும் திறக்கக்கூட இல்லை. நான் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன்.

காரணம் சொல்கிறேன். ஒரே செட்டிங் உள்ள வண்டியில் சூடு, குளிர் காற்றைக் கலந்து விடும் ஃபிளாப் பெரும்பாலும் இரண்டு பக்கத்துக்கும் பொது. அது பாதியில் மாட்டிக்கொண்டால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாகத்தான் வரும். ஒரு பக்கம் சுட்டு ஒரு பக்கம் குளிர்ந்தால் சந்தேகம் போக வேண்டிய இடம் ஹீட்டர் காயில். ரேடியேட்டரின் குட்டி அது. இன்ஜினில் சூடான கூலண்ட் ஒரு ஹோஸ் வழியாக அதற்குள் போய், மெல்லிய அலுமினியக் குழாய்களில் ஓடி, இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்பி வரும். காயிலின் ஒரு பாதியில் உப்போ துருவோ அடைத்துவிட்டால் அந்தப் பாதி வழியாக வரும் காற்று சூடாகாது. அந்தக் காற்று எந்தப் பக்க வென்ட்டுக்குப் போகிறதோ அந்தப் பக்கம் குளிரும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி செட்டிங் இருக்கிற வண்டி என்றால் கதை வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

பார்ப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். இன்ஜின் ஆறியிருக்கும்போது கூலண்ட் அளவைப் பாருங்கள், சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள். அப்புறம் வண்டியை ஒரு சுற்று ஓட்டி நன்றாகச் சூடாக்கி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, இன்ஜினுக்குப் பின்னால் கேபின் சுவருக்குள் நுழையும் இரண்டு ரப்பர் ஹோஸ்களையும் ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல் தொட்டுப் பாருங்கள். இரண்டும் கை வைக்க முடியாத சூடு என்றால் கூலண்ட் ஓடுகிறது, குறை காற்றுப் பக்கம், அதாவது ஃபிளாப்பில். ஒன்று கொதிக்கிறது, மற்றது கை வைத்துப் பிடித்திருக்கலாம் என்றால் காயிலில் அடைப்பு, அல்லது ஓட்டம் குறைவு. இரண்டுமே சுமார் சூடு என்றால் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் வால்வு), ஏர் லாக் (குழாய்க்குள் காற்று மாட்டிக்கொள்வது), கூலண்ட் குறைவு, இந்த மூன்றில் ஒன்று. சில வண்டிகளில் இந்த ஹோஸில் ஒரு வால்வும் இருக்கும், அது திறக்காமல் போனாலும் ஒரு ஹோஸ் குளிர்ந்தே கிடக்கும்.

தொட்டுப் பார்ப்பதோடு நிற்காமல் ஒரு லேசர் தெர்மாமீட்டர் வாங்கி அளந்தேன். கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே, அந்தத் துப்பாக்கி இதற்கு உதவாது, உடம்புச் சூட்டுக்கு மேலே போனால் அது 'ஹை' என்று காட்டிவிட்டு நின்றுவிடும். தொழில் வேலைக்கென்று விற்பதுதான் வேண்டும். அதிலும் பளபளக்கும் உலோகத்தில் அளந்தால் தப்பாகக் காட்டும், கருப்பு ரப்பரில் சரியாக வரும். என் வண்டியில் உள்ளே போகும் ஹோஸ் 71 டிகிரி, வெளியே வருவது 44. வென்ட்டில் சமையலறை தெர்மாமீட்டரைச் சொருகிப் பார்த்தபோது இடது 52, வலது 29. நிற்கும்போதே ஆக்சிலரேட்டரை மிதித்து 2000 ஆர்பிஎம்மில் பிடித்தால் வலது மெல்ல ஏறி 36 வரை வந்தது, காலை எடுத்ததும் இறங்கியது. தண்ணீர் வேகமாகத் தள்ளப்படும்போது வித்தியாசம் குறைகிறது என்றால் அதற்கு ஃபிளாப் மோட்டார் என்ன செய்யும்?

ஆனால் அந்த 71 எனக்கு உறுத்தியது. நன்றாகச் சூடான இன்ஜினில் அது 80க்கு மேல் இருக்க வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் புளூடூத் ஓபிடி கருவி ஒன்றைச் சொருகி மொபைலில் கூலண்ட் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கல்லாறிலிருந்து குன்னூர் ஏறும்போது 85 வரை வருகிறது, ஹீட்டரும் பரவாயில்லை. சமமான ரோட்டில் 73, 74. கல்லட்டி 36 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் இறங்கும்போது 60க்கும் கீழே போகிறது, வலது வென்ட்டில் வெளிக்காற்று மாதிரி வருகிறது. இறக்கத்தில் கியரில் விட்டுக் காலை எடுத்தால் டீசல் இன்ஜினுக்கு எரிபொருளே போகாது, சூடு உண்டாக வழியில்லை. டீசல் இன்ஜின் பெட்ரோலைவிடக் குறைவாகத்தான் சூட்டை வீணாக்கும், அதனால்தான் குளிர்தேசங்களுக்குப் போகும் டீசல் வண்டிகளில் கரண்டில் சூடாகும் துணை ஹீட்டர் ஒன்றும் வைத்துவிடுகிறார்கள். இருந்தாலும் 60 என்பது அநியாயம். தெர்மோஸ்டாட் இருக்கிற வண்டி இப்படிக் குளிராது.

ஊட்டியில் எனக்குத் தெரிந்த பாய் ஒருவர் வண்டி பார்ப்பார், வயதானவர், பேச்சு குறைவு. அவரிடம் நம்பர்களைக் காட்டினேன். "தம்பி, இது கீழ இருந்து வந்த வண்டிதானே? வால்வு இருக்காது" என்றார். தெர்மோஸ்டாட் உறையைத் திறந்தால் உள்ளே வெறும் பள்ளம், ரப்பர் ரிங் மட்டும் உட்கார்ந்திருந்தது. சமவெளியில் இது சர்வ சாதாரணம். வெயிலில் ஒருமுறை இன்ஜின் சூடேறிவிட்டால், காரணம் தேடாமல் வால்வைக் கழற்றி வீசிவிட்டு, "இனிமே ஹீட் ஆகாது" என்று அனுப்பிவிடுவார்கள். கோவையில் அது யாருக்கும் தெரியாது, டீசல் கொஞ்சம் அதிகம் குடிக்கும், அவ்வளவுதான். மலைக்கு வந்தால்தான் தெரியும்.

வால்வு இல்லாததால் மொத்தச் சூடு குறைவு, காயில் அடைப்பால் இடம் வலம் வித்தியாசம். ஒன்றை மட்டும் சரிசெய்திருந்தால் "மெக்கானிக் ஏமாத்திட்டான்" என்றுதான் சொல்லியிருப்பேன். ஹீட்டர் கோளாறில் பெரும்பாலும் இப்படி இரண்டு மூன்று சின்னக் குறைகள் சேர்ந்தே வருகின்றன.

அடைப்புக்குக் காரணமும் அதே வகைதான். கூலண்ட் கசிந்து குறையும்போதெல்லாம் போர்வெல் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள். பாய் இரண்டு ஹோஸையும் கழற்றி, வெளியே வரும் குழாயில் தோட்டத்து ஹோஸை மாட்டி, பாதிகூடத் திறக்காமல் எதிர்த்திசையில் தண்ணீர் விட்டார். செங்கல்லைக் கரைத்த மாதிரி வந்தது, நடுநடுவே வெள்ளையாக மெல்லிய செதில்கள். ஏர் கம்ப்ரஸர் வைத்து ஊதலாமா என்று கேட்டேன். "ஊதலாம், அப்புறம் காயில் உள்ளே பீச்சும், டேஷ்போர்டைக் கழற்றலாம்" என்றார். பழைய அலுமினியக் காயில் அந்த அழுத்தத்தைத் தாங்காது. தண்ணீர் தெளிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) கரைத்து, லிட்டருக்கு 50 கிராம் கணக்கு, காயிலுக்குள் நிரப்பி அரை மணி நேரம் விட்டார். பிறகு திரும்பத் திரும்ப அலசல். அமிலம் உள்ளே தங்கினால் அலுமினியத்தைத் தின்னும், அதனால் அலசுவதில் சோம்பல் படக் கூடாது. புது தெர்மோஸ்டாட் போட்டு, டிஸ்டில்ட் வாட்டரும் கூலண்டும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்பினார். மூக்கு மேலே பார்க்கிற மாதிரி சரிவில் வண்டியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓட விட்டார், காற்றெல்லாம் மூடி வழியாக வெளியேறிவிடும். ஊட்டியில் சரிவுக்கா பஞ்சம்.

ரேடியேட்டர் மூடியையும் மாற்றச் சொன்னார். மலையில் இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2240 மீட்டர் உயரத்தில் வெறும் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், மூடி அழுத்தத்தைப் பிடித்தால்தான் கொதிநிலை ஏறும். மூடியில் ரப்பர் போனால் கூலண்ட் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், காற்று புகும், ஹீட்டர் ஒருநாள் சுடும் ஒருநாள் சுடாது. மொத்தச் செலவு மூவாயிரத்தைத் தொடவில்லை.

இரண்டு குளிர்காலம் ஓட்டிய பிறகு நிலவரம்: கூலண்ட் 84க்கும் 88க்கும் நடுவில் நிற்கிறது, இறக்கத்தில் 76 வரை வரும். முதல் குளிர்காலத்தில் இடம் வலம் வித்தியாசம் நான்கு டிகிரி, அது எனக்குத் தெரியவே இல்லை. இரண்டாவதில் எட்டு ஒன்பது ஆகியிருக்கிறது. முழுசாகக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், உள்ளே ஒட்டிய உப்பு மிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக உரிந்து வருகிறது போல. மழைக்காலத்துக்கு முன்னால் இன்னொரு தடவை அலசப் போகிறேன். காயில் மாற்றும் எண்ணம் இல்லை. டேஷ்போர்டை ஒருமுறை கழற்றி மாட்டிய வண்டியில் கீச் கீச் சத்தம் நிற்காது என்பது என் அபிப்பிராயம், கழற்றியவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி.

தனித்தனி செட்டிங் உள்ள வண்டிக்கு வருகிறேன். தம்பி வைத்திருக்கும் பெட்ரோல் செடானில் வலது பக்கம் மட்டும் குளிர்ந்தது, இரண்டு ஹோஸும் கொதித்தன. சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டுக்குள் டக் டக் டக் என்று சத்தம். ஃபிளாப் மோட்டாரின் பிளாஸ்டிக் பல் உடைந்தால் அப்படித்தான் கேட்கும். கால் பக்கத்திலிருந்து கை விட்டே மாற்ற முடிந்தது. ஏசியில் ஒரு பக்கம் மட்டும் குளிர்ச்சி குறைவு என்றால் மோட்டார் மட்டும் காரணம் அல்ல, கேஸ் குறைந்தாலும் அப்படி வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லா வென்ட்டிலும் காற்றே குறைவு என்றால் கேபின் ஃபில்டர். இங்கே யூகலிப்டஸ் மரத்தடியில் நிறுத்தினால் வைப்பருக்குக் கீழே உள்ள தட்டில் இலை அடைத்துக்கொள்ளும், ஃபில்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டுவதும் உண்டு. காலில் சூடு, முகத்தில் கொஞ்சம் குளிர்ச்சி என்பது கோளாறு இல்லை, பல வண்டிகளை அப்படித்தான் செய்கிறார்கள், தூக்கம் வராமல் இருக்கும். கண்ணாடியில் ஆவி படிந்தால் ஹீட்டரும் ஏசியும் சேர்த்துப் போட்டு, ரீசர்க்குலேஷனை அணையுங்கள். ஏசி ஈரத்தை எடுக்கும், ஹீட்டர் சூட்டைக் கொடுக்கும். ஆனால் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்காகப் படிந்து, இனிப்பு வாடை வந்து, இடது பக்கத் தரைவிரிப்பு நனைந்திருந்தால் காயில் ஓட்டை, அதைத் தள்ளிப் போடக் கூடாது.

கீழிருந்து வண்டி வாங்குகிறவர்கள் பானெட்டைத் திறந்து இன்னொன்றும் பாருங்கள். காயில் கசிந்தால் மாற்றாமல், இரண்டு ஹோஸையும் ஒரு வளைந்த குழாயால் ஒன்றோடொன்று சேர்த்து கிளிப் போட்டுவிடுவார்கள். கேபின் சுவரில் இரண்டு குழாய்கள் மொட்டையாக நீட்டிக்கொண்டிருக்கும். திருப்பூரிலிருந்து நண்பர் வாங்கி வந்த வண்டி அப்படித்தான், ஹீட்டர் போட்டால் வெறும் காற்றுதான் வரும். இப்போது பாயிடம் நிற்கிறது. காயிலில் தண்ணீர் விட்டு அழுத்தம் பார்த்தபிறகுதான் செலவு சொல்வேன் என்கிறார்.