எங்க ஊர் அஞ்சு ரூவா தண்ணி மிஷின், ஆறு மாசம் புடிச்சுப் பாத்ததுல

காரைக்குடிக்காரங்களுக்கு நல்ல தண்ணி குடுக்குற சம்பை ஊத்து இருக்கு, அவுகளுக்கு எங்க கஷ்டம் புரியாது. எங்க ஊர் பள்ளத்தூர் பக்கம், ஊரணிக்கரையில ஆர்ஓ மிஷின், அதான் போர் தண்ணில உப்ப பிரிச்சு எடுக்குற மிஷின், வச்சு ஆறு மாசமாச்சு. அஞ்சு ரூவா காயின் போட்டா 20 லிட்டர், வண்டியில வர்ற கேன் 40 ரூவா, சித்தாள் வேலைக்குப் போற அக்காங்க வீட்டுல எல்லாம் இப்பத்தான் உப்பு கரிக்காத தண்ணி குடிக்கிறாங்க, அதுக்கே மூணு ஸ்டார் கண்ண மூடிட்டு குடுக்கலாம்.

தண்ணில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுற டிடிஎஸ் மீட்டர் வாங்கி வச்சு பாத்தேன். எங்க வீட்டு போர் லிட்டருக்கு 1,380 மில்லிகிராம், மிஷின் தண்ணி 42. குடிதண்ணிக்கான இந்தியத் தர அளவு ஐஎஸ் 10500ல 500 வரைக்கும் ஓகே, வேற வழியே இல்லாட்டி 2,000 வரைக்கும்னு இருக்கு, அப்ப 42ங்கிறது ரொம்பவே கம்மி. மிஷின பாத்துக்கிற அண்ணன்கிட்ட கொஞ்சம் கூட்டி வைங்கண்ணேன்னேன், "கூட்டுனா கரிக்குதும்பாக தம்பி"ன்னுட்டாரு. எங்க அப்பத்தா ஒரு வாய் குடிச்சிட்டு "என்னடா சப்புன்னு இருக்கு"ன்னு தம்ளர தள்ளி வச்சிருச்சு. அது ஊரணித் தண்ணிய தேத்தாங்கொட்டை உரசுன பானையில தெளிய வச்சு குடிச்ச நாக்கு, மழை பேஞ்சா வளவு முத்தத்துல அண்டாவ வச்சு புடிச்ச ஆளு.

இன்னொண்ணு, மீட்டரு உப்பத்தான் காட்டும், கிருமிய காட்டாது. கேன் அடியில பச்சையா பாசி வழுக்கிட்டு இருந்தா மிஷின திட்டி பிரயோஜனமில்ல, கழுவுங்கப்பா.

என் கோவமெல்லாம் கழிவுத் தண்ணி மேலதான். மோட்டார் ஓடுறப்ப பின்னாடி குழாயில பக்கெட்ட வச்சு அளந்தேன், ஒரு பக்கெட் நல்ல தண்ணிக்கு ஒண்ணேகால் பக்கெட் வெளிய போகுது, போர்ல இருந்த உப்பு பூராம் அதுலதான் சேந்து நிக்கும், அத எங்க விடுறாங்கன்னா ஊரணிக்கு வர்ற வரத்துக்கால்ல! ஏற்கனவே வரத்துக்கால்ல பாதிய மண்ணடிச்சு மேடாக்கியாச்சு, ஐப்பசி கார்த்திகை முழுக்க நின்னு பேய வேண்டிய மழை ரெண்டு நாள்ல கொட்டிட்டு ஓடிருது, ஊரணி பெருகாம போர் மட்டும் எப்புடி ஊறும், சித்திரையில 12 நாள் மிஷின்ல "தண்ணி இல்லை"ன்னு அட்டை தொங்குச்சு, எல்லாரும் திரும்ப 40 ரூவா கேனுக்கு ஓடுனோம். வச்சவங்ககிட்ட கேட்டா போர இன்னும் எறக்கணும்ங்கிறாங்க. கழிவுக்கு ஒரு தொட்டி கட்டி கக்கூஸுக்கு, வண்டி கழுவ குடுங்கன்னு ரெண்டு தடவ எழுதிக் குடுத்தேன், இன்னிக்கு வரைக்கும் பதிலில்ல. அதுக்குத்தான் ரெண்டு ஸ்டார் கட்.

போறவங்க காலைல ஆறு மணிக்குள்ள போயிருங்க. தேஞ்ச காயின மிஷின் துப்பிரும், நாலஞ்சு சேத்து எடுத்துட்டுப் போங்க.